பன்னிரண்டரை என்றால் மூன்று மணி

சிறுதொழில் செய்கிறவர்களுக்கு வகுப்பெடுக்க என்னைக் கூப்பிடும் இடத்திலெல்லாம் முன்வரிசையில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மூஞ்சியைப் பார்த்தாலே தெரியும், மகளோ மருமகளோ பிடித்துத் தள்ளி அனுப்பியிருக்கிறார்கள். நான் வாயைத் திறந்ததும் கையைத் தூக்குவார்.

"மேடம், என் கடை எங்கப்பா காலத்துலேருந்து கிள்ளான்ல இருக்கு. என்னைத் தெரியாத ஆளே கிடையாது. எனக்கு எதுக்கு இன்டர்நெட்ல அகப்பக்கம்?"

முன்பெல்லாம் அவருக்குப் படம் போட்டு, கட்டம் போட்டு விளக்குவேன். இப்போது அதெல்லாம் செய்வதில்லை. முனியாண்டி அண்ணன் கதையைச் சொல்லிவிடுவேன். அவரும் என்னிடம் இதே கேள்வியைத்தான் கேட்டார். அவர் விற்றது சவப்பெட்டி, அவ்வளவுதான் வித்தியாசம்.

1. வருக வேண்டாம்

நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சகத்தில் டைப்செட்டிங் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணக் கார்டு, கோயில் நோட்டீஸ், கருமகிரியைக் கார்டு எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். ரிங்கிட்டின் மதிப்பு விழுந்த சமயத்தில் முதலாளி கடையை மூடிவிட்டு மகன் வீட்டோடு போய்ச் சேர்ந்தார். எனக்குத் தெரிந்தது கம்ப்யூட்டர் ஒன்றுதான். ஒரு மோடம் வாங்கி, தலையணை மாதிரி ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு எச்.டி.எம்.எல். கற்றுக்கொண்டேன். பிறகு கடை கடையாக ஏறி இறங்கினேன்.

ஒருத்தரும் மசியவில்லை. வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்காரர், "இன்டர்நெட்ல பார்த்தா பசி அடங்குமா தங்கச்சி?" என்று கேட்டுவிட்டு எனக்கு நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரே டீ மட்டும் கொடுத்தார். புடவைக் கடைக்காரர் அதையும் கொடுக்கவில்லை.

முனியாண்டி அண்ணன் எனக்கு அச்சகக் காலத்துப் பழக்கம். கிள்ளானில் இறுதிச் சடங்கு சேவை நடத்தினார். பெட்டி, வேன், பந்தல், மேளம், பாடிச் சடங்கு செய்யும் பண்டாரம் எல்லாம் அவரே ஏற்பாடு செய்வார். கருமகிரியைக் கார்டு அடிக்க எங்களிடம்தான் வருவார். அவர் கடைக்குப் போய் நான் அகப்பக்கம் என்று ஆரம்பித்ததும் சிரித்தார்.

"சாவு வந்தா என் கடை எங்க இருக்குன்னு தேடறவன் கிள்ளான்ல எவன் இருக்கான்? எனக்கு எதுக்கு இது?"

பின்னால் உட்கார்ந்து மாலைக்கு ஜிகினா ஒட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி பார்வதி அண்ணிதான் தலையை நிமிர்த்தினார். "உங்களுக்கு என்ன தெரியும்? ஃபோன் எடுக்கறது நான். லண்டன்லேருந்து ஒரு பிள்ளை, ஆஸ்திரேலியாவுலேருந்து ஒரு பிள்ளை. எத்தனை மணிக்கு எடுக்கறீங்க, எங்க கொண்டு போறீங்கன்னு அழுதுகிட்டே கேக்குதுங்க. ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை போச்சு. இதுல போட்டுட்டா அதுங்களே பார்த்துக்கும் இல்ல?"

கடைசியில் அண்ணிதான் சம்மதித்தார். அண்ணன் பணத்தைக் கொடுத்தார்.

பக்கத்தைச் செய்து முடித்து பிரிக்பீல்ட்ஸில் என் மாடியறைக்கு இருவரையும் வரவழைத்துக் காட்டினேன். கறுப்பும் வெள்ளையுமாக, அடக்கமாக, நன்றாகத்தான் இருந்தது. அண்ணன் முகம் சுருங்கிவிட்டது.

"மத்தவங்க அகப்பக்கத்துலயெல்லாம் கை கூப்பிக்கிட்டு ஒரு பொண்ணு நிக்குது. 'வருக வருக'ன்னு மின்னுது. நமக்கு மட்டும் ஏன் இல்ல?"

"அண்ணே, உங்க கடைக்கு எவனாச்சும் ஆசைப்பட்டு வருவானா?"

"வியாபாரம்னா ஒரு மரியாதை வேணும்லா."

"சரிண்ணே, போட்டுடறேன். கீழே 'மீண்டும் வருக'ன்னும் போடட்டுமா?"

அண்ணி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அண்ணனுக்குச் சிரிப்பு வர கொஞ்ச நேரம் ஆயிற்று. அத்தோடு விட்டாரா? எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிக் காட்டுமே கவுண்டர், அது வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். "போங்கண்ணே, சாவுக் கடையில தலை எண்ணிக்கிட்டு உட்கார்ந்திருக்கணுமா?" என்று நான் கத்திவிட்டேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதைத் தெரிந்தவர்கள்தான் என்னிடம் வேலை கொடுப்பார்கள்.

அகப்பக்கத்தில் கடை ஃபோன் நம்பரைப் போட்டோம். புதிதாக வாங்கியிருந்த ஹேண்ட்போன் நம்பரைப் போட அண்ணன் விடவில்லை. "சாவு ஃபோன் கடையிலயே இருக்கட்டும். இது என் ஃபோன்" என்றார். அவரிடம் கம்ப்யூட்டர் இல்லாததால் மின்னஞ்சல் என்னிடம் வரும்படி வைத்துக்கொண்டோம். வந்தால் நான் ஃபோனில் படித்துச் சொல்ல வேண்டும்.

2. நம்ம ஜனங்க நேரம்

இந்த இடத்தில் ஒரு தொழில் ரகசியத்தைச் சொல்ல வேண்டும். உண்மையில் அது ரகசியமே இல்லை. கிள்ளானில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

நம் ஆட்களுக்கு இரண்டு மணி என்று கார்டு அடித்தால் நான்கு மணிக்கு வந்து, "இப்பதான் ஆரம்பிக்கறீங்களா?" என்று கேட்பார்கள். அதனால் கல்யாணக் கார்டில் முகூர்த்தத்தைத் தவிர மற்ற நேரம் எல்லாவற்றையும் முன்னால் தள்ளி அடிப்போம். சாவுக்கும் அதே கதைதான். மூன்று மணிக்கு உடலை எடுப்பதாக இருந்தால் முனியாண்டி அண்ணன் பன்னிரண்டரை என்று எழுதச் சொல்வார். பன்னிரண்டரை என்று பார்த்தவர்கள் சாவகாசமாகக் குளித்து, சாப்பிட்டு, இரண்டரைக்கு வந்து சேர்வார்கள். மூன்றுக்கு எடுக்கச் சரியாக இருக்கும். எழுதியவருக்கும் தெரியும், படித்தவருக்கும் தெரியும். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அச்சகத்தில் இப்படி எத்தனை நேரத்தைக் கோத்திருப்பேன் என்று கணக்கே கிடையாது.

அகப்பக்கத்திலும் அதையே தொடர்ந்தோம். அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும். அதனால் மரண அறிவிப்பை நான் அச்சுக் கோத்து, படமாக மாற்றித்தான் ஏற்றுவேன். ஓர் எழுத்தை மாற்ற வேண்டுமென்றாலும் முழுப் படத்தையும் திரும்பச் செய்ய வேண்டும். வேலை இழுக்கும். ஆனாலும் அச்சடித்த மாதிரி அழகாக இருக்கும்.

கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில் பாக்கியம் அம்மா என்று ஒருவர். கணவர் முன்பே போய்விட்டார். மகள் மல்லிகா குடும்பத்தோடு அம்மாவுடன்தான் இருந்தாள். மகன் சேகர் ஒரே பையன். ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. ஒரு நாள் மத்தியானம் அந்த அம்மா தூக்கத்திலேயே போய்விட்டார். வீட்டில் ஃபோன் கிடையாது. மல்லிகா அவர்கள் தாமான் குடியிருப்புக்கு வெளியே இருந்த கார்டு ஃபோனிலிருந்து தம்பிக்கு அடித்து, அம்மா இல்லை என்று சொல்லியிருக்கிறாள். நாளைக்கு எடுக்கிறோம், நேரம் இன்னும் முடிவாகவில்லை என்றும் சொல்லியிருக்கிறாள். முனியாண்டி அண்ணன் பக்கத்திலேயே நின்றிருக்கிறார்.

"தம்பிகிட்ட நம்ம அகப்பக்கம் பேரைச் சொல்லும்மா. சாயந்தரத்துக்குள்ள எல்லாம் அதுல ஏறிடும். கம்ப்யூட்டர்ல பார்த்துக்கட்டும்" என்று பெருமையாகச் சொன்னாராம்.

அன்று சாயங்காலம் எனக்கு ஃபோன் செய்து விவரம் சொன்னார். வீட்டிலிருந்து எடுப்பது பன்னிரண்டரை, கிள்ளான் மின்சுடலை. கோத்தேன், படமாக்கினேன், ஏற்றினேன். நன்றாக வந்திருந்தது.

3. நம்பியவன் ஒருவன்

மறுநாள் விடிந்தும் விடியாததுமாக மோடத்தைப் போட்டேன். ஒரே ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. நான் தமிழில் சொல்கிறேன்.

'ஐயா, நான் பாக்கியம் அம்மாவின் மகன். அறிவிப்பைப் பார்த்தேன். பன்னிரண்டரைக்கு எடுக்கிறீர்கள். எனக்குக் கிடைத்த விமானம் காலை எட்டுக்குக் கிளம்பி ஒன்றரைக்குத்தான் கோலாலம்பூர் வந்து இறங்கும். அதற்கு முந்தி வேறு விமானம் இல்லை. கடை நம்பருக்கு அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. எனக்காக அம்மாவைக் காக்க வைக்க வேண்டாம். என் பெரியப்பா மகனைக் கொள்ளி வைக்கச் சொல்லுங்கள். நான் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். என் மேல் கோபப்பட வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லுங்கள்.'

மூன்று மணிக்குத்தானே எடுக்கப் போகிறார்கள்! ஒன்றரைக்கு இறங்கினால் தாராளமாக வந்துவிடலாம். இத்தனைக்கும் அந்தப் பையன் வெள்ளைக்காரன் இல்லை, மேருவிலேயே பிறந்து வளர்ந்தவன். அக்கா வாயால் பன்னிரண்டரை என்று சொல்லியிருந்தால், "எப்படியும் மூணாகும்" என்று கிளம்பியிருப்பான். திரையில் அச்சு மாதிரி பார்த்ததும் நம்பிவிட்டான். அந்த நேரத்தை நம்பியவன் உலகத்திலேயே அவன் ஒருவன்தான், அவனுக்குத்தான் அது தெரிய வேண்டியிருந்தது.

பெர்த்துக்கும் நமக்கும் கடிகாரத்தில் ஒரே நேரம். விமானம் எட்டு மணிக்கு. அப்போதே மணி ஆறேகால்.

'கிளம்புங்கள். எடுப்பது மூன்று மணிக்கு' என்று பதில் போட்டேன். ஆனால் அவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பான் என்று என்ன நிச்சயம்? அவன் அனுப்பிய மின்னஞ்சலின் அடியில் ரொட்டித் தொழிற்சாலையின் பேரும் ஃபோன் நம்பரும் இருந்தன. வேலை இடத்துக் கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பியிருக்கிறான்.

முதலில் பக்கத்தைத் திருத்தினேன். படத்தைத் திரும்பச் செய்ய நேரமில்லை. அறிவிப்புக்கு மேலே வெறும் ஆங்கிலத்தில் அடித்தேன்: திருத்தம், வீட்டிலிருந்து மூன்று மணி, மின்சுடலையில் நான்கு மணி, மின்சுடலை முகவரி. ஏற்றும்போது லைன் அறுந்தது. சனியன்! மறுபடி மோடம் கீச்சு கீச்சென்று கத்தி, மறுபடி ஏறி, முடிந்தது. என் வீட்டு ஃபோனில் வெளிநாட்டுக்குப் பேச முடியாது. ஃபோன் கார்டை எடுத்துக்கொண்டு, போட்டிருந்த கைலித் துணி நைட்டியோடு படியிறங்கி ஓடினேன். வெளியே ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பலகை மேல் தாவித் தாவி மூலையில் இருந்த கார்டு ஃபோனுக்குப் போனேன்.

ஒரு பெண் எடுத்தாள். சேகரின் சூப்பர்வைசராம். என் இங்கிலீஷ் அப்போதெல்லாம் கல்யாணக் கார்டு இங்கிலீஷ்தான். அதை வைத்துக்கொண்டு முட்டி மோதினேன்.

"சேகர் இப்பதான் சட்டையை மாத்திட்டு வெளியே போறான்," என்றாள். "லீவு கேக்க வந்தான். என் கம்ப்யூட்டர்ல பார்த்துட்டு, போய்ப் பிரயோஜனம் இல்லைன்னு சொல்லிட்டு, ராத்திரி முழுக்க இங்கயே வேலை பார்த்தான். பாவம்."

"அவனைப் போகச் சொல்லுங்க. மூணு மணிக்குத்தான் எடுக்கறாங்க."

"பன்னண்டரைன்னு போட்டிருந்துதே? நானே பார்த்தேனே."

"அது நிஜ நேரம் இல்லைங்க."

அவள் கேட்டாள்: "சாவு அறிவிப்புல எதுக்கு நிஜம் இல்லாத நேரத்தைப் போடறீங்க?"

அவளுக்கு நான் என்னத்தைச் சொல்ல? எங்கள் ஆட்கள் தாமதமாக வருவார்கள், அதனால் சீக்கிரம் என்று போடுவோம், அது எல்லோருக்கும் தெரியும் என்று சொன்னால் அவளுக்குப் புரியுமா? ஃபோன் கார்டில் மிச்சம் இருந்த பணம் கண்ணெதிரே குறைந்துகொண்டே வந்தது.

"இப்ப பக்கத்தைத் திறந்து பாருங்க, மாத்திட்டேன். இங்கிலீஷ்லதான் இருக்கு. பிரின்ட் எடுத்து அவன் கையில குடுங்க. எப்படியாச்சும் பிளேன் ஏத்தி விடுங்க..."

ஃபோன் கட்டாகிவிட்டது. அவள் கேட்டாளா, கேட்டும் ஓடினாளா, ஓடியும் அவனைப் பிடித்தாளா, ஒன்றும் தெரியாது. ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றேன்.

4. மேரு

முனியாண்டி அண்ணன் ஹேண்ட்போனை அணைத்து வைத்திருந்தார். கடையில் ஆள் இல்லை. உடை மாற்றிக்கொண்டு, என் ஓட்டைக் காரில் மேருவுக்குக் கிளம்பினேன். அன்றைக்கென்று ஹைவேயில் நெரிசல். நான் வாயில் வரக் கூடாத வார்த்தையெல்லாம் சொல்லி ஹார்ன் அடித்தேன்.

வீட்டு முன்னால் கூடாரம் போட்டு நாற்காலி பரப்பியிருந்தார்கள். அண்ணன் ஐஸ் பெட்டியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவரை ஒதுக்குப்புறமாக இழுத்து விஷயத்தைச் சொன்னேன். முதலில் எரிந்து விழுந்தார்.

"என் வாயில வந்த நேரத்தை அவனை யாரு நம்பச் சொன்னது?"

"அண்ணே! பெத்த தாய் செத்துக் கிடக்கா. அவன் வேற எதை நம்புவான்?"

சொல்லிவிட்டேனே தவிர, அவர் முகத்தைப் பார்த்ததும் பாவமாக இருந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "வருவானா?" என்றார்.

"தெரியலண்ணே."

"தெரியலன்னா நான் எதை வெச்சு நிறுத்தறது? நாலு மணிக்கு நமக்கு மின்சுடலை. நமக்கு அப்புறம் இன்னொரு குடும்பம் வருது. இந்த நேரத்தை விட்டா அப்புறம் நாளைக்குத்தான். அதுக்கு இவங்க ஒத்துக்கணும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மல்லிகாகிட்ட சொல்லாத. வராட்டி அந்தப் பிள்ளை தாங்காது" என்றார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மல்லிகாவிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன். தம்பி வருவதாக இருந்தான், நேரத்தைப் பார்த்து நின்றுவிட்டான், நான் ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறேன், ஏறினானா என்று தெரியாது. அவள் அழவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் கண் தெருமுனையை விட்டு நகரவே இல்லை.

இதற்கு நடுவில் தைப்பிங்கிலிருந்து தாய்மாமன் வந்து இறங்கினார். பாக்கியம் அம்மாவுக்கு அண்ணன், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய பேரன் அகப்பக்கத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறான். பன்னிரண்டரைக்குச் சரியாகக் கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்தார்.

"என்னய்யா முனியாண்டி, நேரமாச்சு. எடுக்கலாமா?"

"இன்னும் கொஞ்சம் ஆட்கள் வரணும் ஐயா."

"அதென்ன வழக்கம்? போட்ட நேரம் போட்ட நேரம்தான்யா. இப்படி ரயில் ஓட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

முனியாண்டி அண்ணன் ஆயுசிலேயே குறித்த நேரத்துக்கு வந்து நின்ற ஒரே ஆள் இவர்தான். அன்றைக்குப் பார்த்தா வர வேண்டும்! மூன்று மணிக்குத்தான் என்று சொல்லி உட்கார வைப்பதற்குள் அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. மாமா உட்கார்ந்தாலும் கடிகாரத்தை விடவில்லை.

எப்போதும் "சீக்கிரம், சீக்கிரம்" என்று கூட்டத்தை விரட்டுகிற அண்ணன் அன்று ஒவ்வொன்றையும் இழுத்தார். எண்ணெய் அரப்பு வைக்க உறவுக்காரர்களைப் பேர் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார். பேரப்பிள்ளைகளுக்கு நெய்ப்பந்தம் கொடுத்து மெதுவாகச் சுற்றி வரச் சொன்னார். வாய்க்கரிசி போட அடுத்த தாமான்காரர்களைக்கூடக் கூப்பிட்டார். பண்டாரத்தின் காதில் போய் ஏதோ சொன்னார். அதற்குப் பிறகு அவர் பாடிக்கொண்டே இருந்தார், நிறுத்தவில்லை. மழை வேறு தூற ஆரம்பித்தது. ஒவ்வொரு முறை தெருமுனையில் ஒரு கார் திரும்பும்போதும் மல்லிகா எழுந்து நிற்பாள், நானும் நிற்பேன். பக்கத்து வீட்டுக்காரராக இருக்கும், பூக் கொண்டு வருகிறவராக இருக்கும்.

மூன்று மணி தாண்டியது. மூன்றே கால் ஆயிற்று.

"இன்னும் யாருக்காகய்யா?" என்று மாமா சத்தம் போட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவர் குரல் இறங்கிவிட்டது. "வந்துடுவானா?" என்று என்னைத்தான் அவரும் கேட்டார். நான் என்ன ஜோசியமா பார்க்கிறேன்?

மூன்றரைக்குப் பக்கத்தில் அண்ணன் மல்லிகா முன்னால் போய் நின்றார். "இதுக்கு மேல முடியாதும்மா."

"இன்னும் கொஞ்சம் அண்ணே. ஒரே ஒரு கார் வரட்டும்."

"மின்சுடலையில விட மாட்டாங்கம்மா."

பெரியப்பா மகன் கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டான். பெட்டியை வேனில் ஏற்றினார்கள். மல்லிகா வேனின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு, "தம்பி வரலையேம்மா, நான் என்னம்மா செய்வேன்" என்று கதறினாள். அவள் விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் கோபமாக வந்தது.

5. கேட்டுக்கு வெளியே

பெண்கள் சுடலைக்குப் போகக் கூடாது என்பார்கள். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. காரை எடுத்துக்கொண்டு வேன் பின்னாலேயே போனேன். கிள்ளான் ஊருக்குள் மழை நேரத்து நெரிசல். மின்சுடலைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நான்கு இருபது. காரை கேட்டுக்கு வெளியே ஓரமாக நிறுத்தினேன். எங்களுக்கு முந்தி வந்தவர்களுடையது போல, புகைபோக்கியில் புகை போய்க்கொண்டிருந்தது.

எதிர்ப்பக்கத்து ரோட்டோரக் கட்டையில் ஒரு பையன் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். வெள்ளைக் கால்சட்டை, காலடியில் ஒரு பை, கையில் ஒரு தாள். கேட்டைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி அந்தப் புகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முனியாண்டி அண்ணன் பேர் எழுதிய வேன் கேட்டுக்குள் திரும்பியதும் அவன் எழுந்துவிட்டான். நான் கார்க் கதவைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடினேன்.

"சேகரா? சேகர்தானே?"

அவன் தலையசைத்தான். கையிலிருந்த தாளை என்னிடம் நீட்டினான். ஈரத்தில் மை ஊறியிருந்தது. நான் காலையில் அடித்து ஏற்றிய அதே திருத்தம்.

"பிளேன் லேட்டுக்கா. வீட்டுக்குப் போனா மூணுக்குள்ள முடியாதுன்னு நேரா இங்க வந்துட்டேன். நாலு மணின்னு போட்டிருந்தீங்க."

"ஆமாப்பா."

"நான் நாலுக்கு முன்னாடியே வந்துட்டேன்கா. யாருமே இல்ல. நாலாச்சு, நாலே கால் ஆச்சு. புகை வருது." அவன் உதடு கோணியது. "அம்மாவை முடிச்சிட்டாங்கன்னு நெனச்சேன். உள்ள போய்க் கேக்க பயமா இருந்துச்சு. ஆமான்னு சொல்லிட்டா அப்புறம் என்ன பண்றதுன்னு இங்கயே உட்கார்ந்துட்டேன்."

நாங்கள் அங்கே அவனுக்காக மூன்றரை வரைக்கும் இழுத்துக்கொண்டிருந்தோம். அவன் இங்கே எங்களை நம்பி, சொன்ன நேரத்துக்கு வந்து, அம்மா எரிகிறாள் என்று நினைத்துக்கொண்டு மழையில் உட்கார்ந்திருந்திருக்கிறான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. ரோடு என்றும் பார்க்காமல் அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

முனியாண்டி அண்ணன் வேனிலிருந்து இறங்கி வந்தார். அவன் கையில் இருந்த தாளைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் தலையைத் துவட்டிவிட்டார்.

"வா தம்பி," என்றார். "உங்கம்மா இப்பதான் வர்றாங்க."

உள்ளே பெட்டியைத் திறந்து அவனுக்கு முகம் காட்டினார்கள். கொள்ளி அவன்தான் வைத்தான். தைப்பிங் மாமா அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாராம். நான் அதையெல்லாம் பார்க்கவில்லை. காரைத் திருப்பிக்கொண்டு மேருவுக்குப் பறந்தேன். மல்லிகா குளித்த ஈரத்தோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். "உன் தம்பிதான் வெச்சான்" என்று சொன்னதுதான் தாமதம், என் கையைத் தன் முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். அப்படியே ரொம்ப நேரம் விடவில்லை.

6. போட்ட நேரம்

சடங்கெல்லாம் முடிந்த பிறகு அண்ணன் தனியாக பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தார். மாடியறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இனிமே நான் சொல்ற நேரத்தைப் போடாத சரசு. எடுக்கற நேரத்தைக் கேட்டுப் போடு."

"நீங்க அந்த நேரத்துக்கு எடுப்பீங்களா?"

"எடுப்பேன்."

"கூட்டம் வராதேண்ணே."

"வராட்டி வராது போ."

எடுத்தார். கிள்ளானே திட்டித் தீர்த்தது. "முனியாண்டி மூணு மணின்னு போட்டா மூணுக்கே எடுத்துடறாருய்யா! மொகத்தைக்கூடப் பார்க்கல!" என்று அண்ணியிடம் சண்டைக்கு வந்தார்கள். அண்ணி, "அதுலதான் தெளிவா போட்டிருக்கே, பார்க்கலையா?" என்று கேட்பார். கொஞ்ச காலம் அப்படியே போயிற்று. பிறகு வர ஆரம்பித்தார்கள், சொன்ன நேரத்துக்கு. அண்ணன் ஹேண்ட்போன் நம்பரும் அகப்பக்கத்தில் ஏறியது. கவுண்டரைப் பற்றி அவர் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சிக்கு இதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். உங்களைத் தெரிந்தவர்களுக்கு உங்கள் அகப்பக்கம் வேண்டாம் அண்ணே. நீங்கள் பத்து மணிக்குத் திறப்பேன் என்றால் பதினொன்று என்று அவர்களே போட்டுக்கொள்வார்கள். கூட்டிக் கழிக்கத் தெரியாதவர்களுக்குத்தான் அது. தூரத்தில் இருக்கிறவர், புதிதாக வருகிறவர், வேறு யாரையும் கேட்க வழியில்லாதவர். அவர்களுக்கு நீங்கள் அதில் எழுதியதுதான் நீங்கள்.

முதல் பக்கத்தில் வருக என்று போடுங்கள், போடாமலும் போங்கள், அது உங்கள் இஷ்டம். நேரத்தை மட்டும் சரியாகப் போடுங்கள், போட்ட நேரத்துக்கு அங்கே இருங்கள். யாரோ ஒரு பிள்ளை அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும்.